டை கிளிப்: பிடிக்க வேண்டிய விசையும் விட வேண்டிய விசையும்

டை கிளிப் என்பது கழுத்திலிருந்து தொங்கும் டையைச் சட்டையின் பொத்தான் பட்டியோடு சேர்த்துப் பிடிக்கும் உலோகக் கவ்வி. இதற்கு நெருங்கிய உறவினர் பலர் உண்டு. டையைத் துளைத்து நிற்கும் டை பின், காலரின் இரண்டு நுனிகளையும் டை முடிச்சுக்கு அடியில் இணைக்கும் காலர் பின், காலர் நுனி சுருளாமல் இருக்க உள்ளே செருகும் காலர் போன், தனிக் காலரைச் சட்டையோடு பூட்டும் குமிழ் என்று அந்த வரிசை நீளும். நெகிழ்ந்து அலையும் துணியை வைத்த இடத்தில் நிற்க வைப்பதே இவை எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை. காற்றுக்கும் உடல் அசைவுக்கும் டையின் சொந்த எடைக்கும் இவை இளகக் கூடாது. ஆனால் கழுத்தை நெரிக்கும் அளவுக்கு ஏதாவது ஒன்று டையைப் பிடித்து இழுத்தால், அப்போது இவை விட்டுவிட வேண்டும். கடைகளில் டை கிளிப் வாங்குவோர் முதல் குணத்தைத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். இரண்டாவது குணம் உயிர் சார்ந்தது.

தமிழ்நாட்டு வெயிலில் டை பொதுவாக நிலைக்காத உடை. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரம் இதில் ஓரளவு விலக்கு. சுமார் 900 மீட்டர் உயரத்தில் கிடக்கும் பீடபூமி அது. அதன் குளிர்ச்சியைக் கண்டே தளிக்கு ‘லிட்டில் இங்கிலாந்து’ என்ற பெயர் வந்தது. இங்கே காலையில் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் கழுத்தில் டை இருக்கிறது. நீதிமன்றம் செல்லும் வழக்கறிஞர் கழுத்தில் வெள்ளைப் பட்டை இருக்கிறது. சிப்காட் வளாகத்து இயந்திரக் கூடங்களிலோ கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. கழுத்துத் துணியைப் பிடித்து வைக்கவும், தேவைப்பட்டால் விட்டுவிடவும் வேண்டிய மூன்று சூழல்கள் ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

டை கிளிப்பின் அமைப்பு மிக எளியது. ஒரு முனையில் மட்டும் ஒன்றாக இணைந்த இரண்டு தகடுகள், மறுமுனை திறந்திருக்கும். டையையும் சட்டைப் பட்டியையும் உள்ளே செருகும்போது தகடுகள் சற்று விரிகின்றன. விரிந்த உலோகம் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சியே துணியின் மேல் அழுத்தமாக விழுகிறது. அழுத்தம் உராய்வைத் தருகிறது, உராய்வு துணியை நழுவ விடாமல் காக்கிறது. மற்றொரு வகையில் தகடுகளுக்கு இடையே கீலும் சுருள்வில்லும் இருக்கும். மின்னியல் ஆய்வகங்களில் பயன்படும் முதலைக் கவ்வியின் அமைப்புதான் இது. பின்பக்கத்தை அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் கவ்வும்.

எவ்வளவு அழுத்தம் போதும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இருசக்கர வண்டியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் மீது எதிர்க்காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 75 நியூட்டன் அழுத்தத்தைச் செலுத்துகிறது. டையின் தொங்கும் பகுதி 8 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது என்று கொண்டால், அதன் மேல் விழும் விசை ஏறத்தாழ 1.8 நியூட்டன். 180 கிராம் எடையைக் கையில் தாங்கும்போது உணரும் விசை இது. டையின் சொந்த எடை பெரும்பாலும் 60 கிராமுக்குள்தான் இருக்கும். தன் எடையைப் போல் மூன்று மடங்கு விசை தாக்குவதால்தான் டை தோளுக்கு மேல் பறக்கிறது. உலோகத்துக்கும் துணிக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 0.3 என்று வைத்துக்கொண்டால், துணியின் இரு பக்கமும் உராய்வு இருப்பதால், 3 நியூட்டன் அழுத்தும் கவ்வி சரியாக 1.8 நியூட்டன் வரை தாக்குப்பிடிக்கும். காற்று சீராக வீசாமல் விட்டுவிட்டு அடிப்பதையும் துணி படபடப்பதையும் கருதினால் 5 நியூட்டன் அளவுக்கு அழுத்தும் கவ்வி நல்ல கவ்வி.

அகலமான கிளிப் அதிகமாகப் பிடிக்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உராய்வு விசை தொடும் பரப்பைப் பெரும்பாலும் சார்ந்திருப்பதில்லை, அழுத்தும் விசையையே சார்ந்திருக்கிறது. அகலம் தரும் நன்மை வேறு. அதே விசை பெரிய பரப்பில் பரவுவதால் பட்டு இழைகள் நசுங்குவதில்லை. பற்கள் கொண்ட கவ்வியில் நேர்மாறாக நடக்கிறது: விசை சில புள்ளிகளில் குவிந்து இழைகளுக்கு இடையே பற்கள் இறங்குகின்றன. பிடி உறுதியாகும், டை பாழாகும். பட்டு டைக்குப் பற்கள் இல்லாத வழவழப்பான கவ்வியே ஏற்றது. மாட்டும் இடம் சட்டையின் மூன்றாம், நான்காம் பொத்தான்களுக்கு நடுவே. பொத்தான் பட்டியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும் என்பது முக்கியம். டையை மட்டும் கவ்விய கிளிப் டையோடு சேர்ந்து பறப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

இனி உலோகம். ஒரு தகட்டை இருமடங்கு தடிமனாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஆனால் தடிமன் கூடக் கூட, நிரந்தரமாக வளைந்துவிடாமல் அது விரியக்கூடிய தூரம் குறைந்துகொண்டே போகும். 40 மில்லிமீட்டர் நீளமும் 0.8 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட தகட்டை எடுத்துக்கொள்வோம். குளிர்நிலையில் உருட்டிக் கடினப்படுத்திய துருப்பிடிக்காத எஃகு என்றால், நுனி சுமார் 6 மில்லிமீட்டர் விரிந்தும் பழைய வடிவுக்குத் திரும்பும். அதே அளவில் கடினப்படுத்திய பித்தளை 5 மில்லிமீட்டர் வரை தாங்கும். காய்ச்சி மென்மையாக்கிய பித்தளையோ 2 மில்லிமீட்டரைத் தாண்டினாலே வளைந்தபடி நின்றுவிடும். டையின் மடிப்பும் உள்துணியும் சட்டைப் பட்டியும் சேர்ந்தால் 3 மில்லிமீட்டரை எளிதில் தொட்டுவிடும் என்பதால், மென்பித்தளைக் கிளிப் முதல் நாளிலேயே வாய் பிளந்துவிடும்.

பற்றவைப்பில்தான் பல கிளிப்புகள் கெடுகின்றன. கடினப்படுத்திய தகட்டின் மேல் சின்னமோ கல்லோ பதிக்க வெப்பம் காட்டிப் பற்றவைத்தால், அந்த வெப்பம் உலோகத்தின் படிக அமைப்பைத் தளர்த்தி வில்தன்மையைப் போக்கிவிடுகிறது. பார்வைக்குக் கிளிப்பில் ஒரு மாற்றமும் தெரியாது. பிடிதான் இருக்காது. இதைத் தவிர்க்க, முதலில் பற்றவைத்துவிட்டுப் பிறகு தட்டியோ உருட்டியோ மீண்டும் கடினமாக்க வேண்டும். இல்லையேல் அலங்காரத்தையும் வில்லையும் தனித்தனியே செய்து ஆணியால் இணைக்க வேண்டும். அனுபவமுள்ள பொற்கொல்லர் எவரும் இந்த வரிசையை மாற்றமாட்டார்.

தங்கத்தில் செய்யும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் தங்கம் என்றாலே 22 காரட்தான். ஆயிரத்தில் 916 பங்கு தூய தங்கம். அது நிறத்துக்கும் மதிப்புக்கும் உகந்தது, வில்லுக்கு உகந்ததன்று. செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த 18 அல்லது 14 காரட் தங்கம் கடினமானது. கல்லைப் பிடிக்கும் நகங்களுக்கும் வில்லாக வேலை செய்யும் உறுப்புகளுக்கும் அதுவே பொருந்தும். இந்த இழுபறிக்கு ஓசூரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் நிறுவிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கைக்கடிகாரங்களைத் தயாரித்து, பின்னர் அங்கேயே தனிஷ்க் நகைத் தொழிலையும் தொடங்கியது. தொடக்கத்தில் கல் பதித்த 18 காரட் நகைகளை முன்வைத்த தனிஷ்க், இந்திய வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு ஏற்ப 22 காரட்டுக்கு வந்தது. பொறியியல் ஒரு காரட்டைக் கேட்கிறது, குடும்பங்கள் வேறொரு காரட்டைக் கேட்கின்றன. திருமணத்துக்கு 22 காரட்டில் டை கிளிப் செய்யச் சொல்வோருக்கு நல்ல தீர்வு, முகப்பைத் தங்கத்திலும் உள்வில்லை எஃகிலும் செய்வதுதான். கைக்கடிகாரத்தின் வாரைப் பிடிக்கும் ஸ்பிரிங் பின்னிலும் இதே பிரிவினைதான்: கண்ணுக்குத் தெரிவது அலங்கார உலோகம், உள்ளே வேலை செய்வது எஃகுச் சுருள்.

துளைத்து நிற்கும் கருவிகள் கவ்விகளைவிடப் பழையவை. ஆடையின் இரு ஓரங்களைச் சேர்க்கும் வில் ஊசிகள் ஐரோப்பாவில் வெண்கலக் காலத்திலேயே இருந்தன. நாம் ஊக்கு என்றும் சேஃப்டி பின் என்றும் சொல்லும் இன்றைய வடிவத்துக்கு அமெரிக்கர் வால்டர் ஹண்ட் 1849-இல் காப்புரிமை பெற்றார். ஒரே கம்பியை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி வில்லாக்கி, கூர்முனையை ஒரு மூடிக்குள் அடக்கியது அவருடைய சாதனை. அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். காலர் பின் என்பது நீட்டி அழகுபடுத்திய ஊக்குதான். டை பின்னில் ஊசி டையைத் துளைத்துப் பின்புறம் ஒரு சிறு பிடிப்பானில் நிற்கும். அதிலிருந்து வரும் மெல்லிய சங்கிலியின் முனைக் குச்சி சட்டையின் பொத்தான் துளைக்குள் குறுக்கே மாட்டிக்கொள்ளும். ஊசிமுனை மெலிந்து வழவழப்பாக இருந்தால் நெசவு இழைகளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போகும். எடுத்தபின் ஆவி காட்டினால் இழைகள் மீண்டும் கூடும். மழுங்கிய முனையோ இழையை அறுக்கிறது. அப்படி விழுந்த துளை மூடுவதில்லை.

காலருக்கும் இதைப் போன்ற நெடுங்கதை உண்டு. அமெரிக்காவின் டிராய் நகரில் ஹன்னா மாண்டேகு என்ற பெண்மணி 1827-இல் கணவரின் சட்டைகளிலிருந்து காலரை மட்டும் வெட்டித் தனியாகத் துவைத்து மீண்டும் கட்டும் முறையைக் கண்டார். சட்டை முழுதும் அழுக்காவதற்கு முன்பே காலர் அழுக்காகிவிடுகிறது என்ற எளிய உண்மையிலிருந்து பெரும் தொழிலே பிறந்து, டிராய்க்குக் காலர் நகரம் என்ற பெயரையும் தந்தது. கழற்றிய காலரைத் திரும்பப் பூட்ட முன்னும் பின்னும் குமிழ்கள் தேவைப்பட்டன. பின்னர் சட்டையோடு தைத்த மென்காலர் வந்தபோது குமிழுக்கு வேலை போயிற்று. நுனி சுருளும் புதிய தொல்லை வந்தது. அதற்கு ஒரு தீர்வு, நுனியில் துளையிட்டுச் சட்டையோடு பொத்தானிடுவது. குதிரை மேல் போலோ ஆடுவோர் காலர் முகத்தில் அடிக்காமல் இருக்க அவ்வாறு பொத்தானிட்டதைக் கண்டுதான் 1896-இல் தங்கள் சட்டைகளில் கொண்டுவந்ததாக அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் சொல்கிறது. அந்தப் போலோவை ஆங்கிலேயர் கற்றது மணிப்பூரிகளிடம். 1862-இல் கல்கத்தா போலோ சங்கம் அமைந்த பிறகே ஆட்டம் இங்கிலாந்து சென்றது. பொத்தான் காலரின் வேரில் மணிப்பூரின் பங்கை எவரும் மறக்கலாகாது.

நுனி ஏன் சுருள்கிறது? காலரில் மேல் துணி, அடித் துணி, நடுவே விறைப்புத் துணி என மூன்று அடுக்குகள் உள்ளன. துவைத்து உலரும்போது மூன்றும் ஒரே அளவு சுருங்குவதில்லை. குறைவாகச் சுருங்கிய அடுக்கு வெளிவளைவாகவும் கூடுதலாகச் சுருங்கியது உள்வளைவாகவும் அமைந்து நுனி மடங்குகிறது. காலர் போன் இந்த வளைவை எதிர்த்து நிற்கும் தட்டையான குச்சி. பிளாஸ்டிக்கில் இருந்தால் இஸ்திரி போடும் முன் வெளியே எடுத்துவிட வேண்டும். மறந்தால் வெப்பத்தில் இளகி, வளைந்த வடிவிலேயே உறைந்து, அதன் பின் எந்த வளைவைத் தடுக்க வேண்டுமோ அதையே உண்டாக்கிவிடும். பித்தளை, எஃகுக் குச்சிகளுக்கு அந்தக் குறையில்லை. விலைதான் சற்றுக் கூடுதல்.

உலோகமே இல்லாமல் காலரை நிறுத்தும் வழியொன்று தமிழ் வீடுகளுக்கு நன்கு தெரியும்: கஞ்சி. அரிசி மாவுச்சத்தின் மணிகள் சூடான நீரில் உப்பி வெடித்து, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. துணியை அதில் நனைத்து உலர்த்தினால் அவை பருத்தி இழைகளுக்கு இடையே மெல்லிய படலமாகப் படிந்து இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றன. இஸ்திரியின் சூடும் அழுத்தமும் அந்தப் படலத்தைத் தட்டையாக்கி விறைக்கச் செய்கின்றன. இதற்கு எதிரி ஈரம். நீர் மூலக்கூறுகள் மாவுச்சத்துச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை வழுக்கவிடுவதால் படலம் தொய்கிறது. கடற்கரைப் புழுக்கத்தில் சென்னையில் நண்பகலுக்குள் தளரும் கஞ்சிக் காலர், வியர்வை குறைந்த ஓசூர்க் குளிரில் மாலை வரை நிற்பதற்குக் காரணம் இதுவே.

விறைத்த காலர் இன்றும் சட்டப்படி உயிரோடு இருக்கும் இடம் நீதிமன்றம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய வழக்கறிஞர் மன்றம் வகுத்த உடை விதிகள் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, விறைத்த அல்லது மென்மையான வெள்ளைக் காலர், அதிலிருந்து தொங்கும் இரு வெள்ளைப் பட்டைகள் ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றன. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம், மாவட்ட, அமர்வு, நகர உரிமையியல் நீதிமன்றங்கள் தவிர்த்த மற்றவற்றில் வெள்ளைப் பட்டைக்குப் பதிலாகக் கறுப்பு டை அணியவும் விதி இடம் தருகிறது. எனவே முன்சீப் நீதிமன்றம் ஒன்றில் காலையில் டையும் டை கிளிப்புமாக வாதாடியவர், மாலையில் அமர்வு நீதிமன்றத்தில் வெள்ளைப் பட்டையோடு நிற்க நேரலாம். இந்த மாற்றம் விரைவாக நடக்கக் கொக்கியோ வெல்க்ரோவோ உதவுகிறது.

வெல்க்ரோவின் தன்மை இங்கே கவனத்துக்குரியது. நாய் மேல் ஒட்டிய முட்காய்களைக் கண்ட சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் உருவாக்கி 1955-இல் காப்புரிமை பெற்ற இந்த ஒட்டு, ஓரத்திலிருந்து உரித்தால் எளிதில் பிரியும். பரப்புக்கு இணையாக இழுத்தால் கடுமையாகத் தாங்கும். கழுத்தைச் சுற்றிய பட்டையை முன்னால் பிடித்து இழுக்கும்போது பிடரியில் இருக்கும் வெல்க்ரோ இணையாகத்தான் இழுபடுகிறது. ஆகவே அது எதிர்பார்ப்பதைவிட விடாப்பிடியாக நிற்கும். ஒட்டும் துண்டைச் சிறியதாக வைத்தால்தான் ஆபத்தில் பிரியும்.

இதே கேள்வி பள்ளி டையில் இன்னும் கூர்மையாகிறது. சிறுவர் டைகள் பெரும்பாலும் முன்பே முடிச்சிட்டவை. காலருக்குள் ஓடும் எலாஸ்டிக் நாடாவில் தொங்குகின்றன. எலாஸ்டிக் என்பது ரப்பர் இழைகளின் மேல் நூல் சுற்றிய நாடா. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். துவைக்கும் காரமும் வெயிலின் புறஊதாக் கதிரும் ரப்பர் மூலக்கூறுகளை அறுக்க அறுக்க நாடா தொங்கிப்போகிறது. கல்வியாண்டின் நடுவிலேயே பிள்ளைகளின் டை மார்புக்கு இறங்குவது இதனால்தான். முழு வளையமாகத் தைத்த எலாஸ்டிக்குக்குப் பிரியும் இடம் இல்லை. சறுக்குமரத்திலோ வேன் கதவிலோ டை சிக்கினால் நாடா நீண்டுகொண்டே போய் இறுகுமே தவிர விடாது. பிடரியில் பிளாஸ்டிக் கொக்கி வைத்த டையில் இழுவிசை ஓர் அளவைத் தாண்டியதும் கொக்கி நழுவுகிறது. விலை வேறுபாடு அற்பம். பள்ளிகள் கொக்கி வைத்ததைத்தான் வாங்க வேண்டும்.

காந்த வகைகளும் வந்துவிட்டன. 1980-களில் உருவான நியோடிமியக் காந்தம் சிறு வில்லை அளவிலேயே சட்டைக்கும் டைக்கும் ஊடாகப் பல நியூட்டன் விசையோடு பிடிக்கும். துளையும் இல்லை, பல்லும் இல்லை. பிடிப்பின் வலிமை இடைவெளியைப் பொறுத்து விரைவாகக் குறைவதால் தடித்த கம்பளி டையில் சோர்ந்துவிடும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். காந்தங்களை முடுக்கியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைப்பது மருத்துவ அறிவுரை. டை கிளிப் நிற்கும் இடமோ நெஞ்சின் நடு. மருத்துவரின் டையே வேறொரு கவலைக்கும் உரியது: நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் 2004-இல் சோதித்த 42 டைகளில் 20-இல் நோய்க்கிருமிகள் இருந்தன. டை நோயாளி மேல் உரசுவதைக் கிளிப் தடுக்கும். டை மேல் கிருமி படிவதைத் தடுக்காது.

கழுத்துத் துணியின் பேராபத்து சுழலும் தண்டுதான். ஓசூர்ப் பட்டறைகளில் ஓடும் சாதாரணக் கடைசல் இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 600 சுற்று, அதாவது நொடிக்கு 10 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு ஒரு நொடியில் 1.25 மீட்டர் துணியைச் சுற்றிக்கொள்ளும். ஆபத்தை உணர்ந்து கை அசையக் கால் நொடி ஆகிறது. அதற்குள் 30 சென்டிமீட்டர் டை போய்விட்டிருக்கும்; கழுத்துக்கும் தண்டுக்கும் இடையே எஞ்சுவது ஒரு சாண்கூட இல்லை. அதைக் கையால் இழுத்து மீட்பதும் இயலாது. உருளையில் சுற்றிய கயிற்றின் பிடிப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் பெருக்கல் முறையில் கூடுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்றால் ஒரு சுற்றில் 6 மடங்குக்கு மேல், இரண்டு சுற்றில் 40 மடங்குக்கு மேல், மூன்று சுற்றில் 280 மடங்குக்கு மேல். துணியின் தளர்ந்த முனையைத் தண்டு ஒரு நியூட்டன் விசையோடு பிடித்திருந்தால்கூட, மூன்று சுற்றுக்குப் பிறகு மறுமுனையை நழுவவைக்க 28 கிலோ எடைக்கு இணையான விசை தேவை. துறைமுகத்தில் ஒற்றை ஆள் கயிற்றை முளையில் சுற்றிக் கப்பலையே நிறுத்துவது இதே விதியால்.

இங்கே டை கிளிப் பாதுகாப்புக் கருவி ஆகாது. டையை மார்போடு சேர்த்து வைப்பதால் சிக்கும் வாய்ப்பைக் குறைக்கும், உண்மை. சிக்கிய பிறகு பிடியை விட்டாலும் கழுத்து முடிச்சு விடாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை ஆராயவோ எண்ணெயிடவோ நேர்ந்தால் தனிப்பயிற்சி பெற்றவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்தே செய்ய வேண்டும் என்றும், அந்த உடையை ஆலையே வழங்க வேண்டும் என்றும் விதித்தது. இயந்திரக் கூடத்துக்குள் நுழையும் மேலாளரும் விருந்தினரும் டையைக் கழற்றி வைத்துவிட்டு வருவதே சரியான வழி. கழற்ற முடியாத பணிகளுக்கு, காவல் துறையிலும் சிறைகளிலும் பல நாடுகள் கையாளும் கொக்கி டை உண்டு. அது கழுத்தைச் சுற்றுவதே இல்லை, காலரின் மேல் பொத்தானில் கவ்வி நிற்கிறது. பிடித்து இழுத்தால் டை கையோடு வந்துவிடும், அணிந்தவர் தப்பிவிடுவார்.

டை அணியாத தொழிலாளர் கழுத்திலும் இன்று அடையாள அட்டையின் நாடா தொங்குகிறது. அதன் பிடரியில் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய பூட்டு இருந்தால் அது பிரியும் நாடா. உள்துண்டின் மேட்டையும் வெளித்துண்டின் பள்ளத்தையும் எந்த அளவு அமைக்கிறார்களோ அந்த அளவு விசையில் பூட்டு திறக்கும். அட்டையின் எடையைத் தாங்க ஒரு நியூட்டனே போதும். கழுத்துக்குக் கேடு வரும் விசையோ அதைப்போல் பல மடங்கு. இரண்டுக்கும் நடுவே பூட்டு திறக்கும் விசையை வைப்பது வடிவமைப்பாளரின் வேலை. நாடாவை இரு கையாலும் பிடித்துச் சற்று வேகமாக இழுத்தால் அது பிரிகிறதா என்பதை அணிபவரே பார்த்துவிடலாம். பிரியாவிட்டால் அந்த நாடாவை இயந்திரத்தின் அருகே அணியக் கூடாது.